இன்னொரு வெயில் நாட்டில் மாணவராய்

(ஒரு கல்லூரியின் பன்னாட்டு மாணவர் விடுதி ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் படிப்பு என்றால் நம் வீடுகளில் முதலில் கம்பளிச் சட்டை வாங்கத்தான் கிளம்புகிறார்கள். படிக்கப் போவதென்றால் குளிர் நாட்டுக்குத்தான் என்பது அவ்வளவு உறுதியாக மனத்தில் பதிந்துவிட்டது. நான் இன்று வேறொரு பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென்னையும் வாழையும் நெல்லும் விளையும் மண்ணிலிருந்து, அதே தென்னையும் வாழையும் நெல்லும் விளையும் இன்னொரு மண்ணுக்கு மாணவராகப் போவது பற்றி. இது புதிய பழக்கம் இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்று.

671-ஆம் ஆண்டு இட்சிங் என்ற சீனத் துறவி, காண்டன் துறைமுகத்தில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். அவர் மனத்தில் இருந்த ஊர் நாளந்தா. ஆனால் முதலில் போய் இறங்கியது சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜயத்தில்; இன்று பாலெம்பாங் நகரம் இருக்கும் பகுதி. அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்தார். நாளந்தாவில் பத்தாண்டு அளவில் படித்துவிட்டுத் திரும்பும்போதும் ஸ்ரீவிஜயத்திலேயே தங்கி, சேர்த்துவந்த சுவடிகளை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். தாளும் மையும் எழுத்தர்களும் வேண்டியிருந்ததால் 689-இல் காண்டன் போய், உதவிக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் திரும்பவும் ஸ்ரீவிஜயம் வந்தார். இந்தியா போக நினைக்கும் சீனத் துறவிகள் முதலில் ஓரிரு ஆண்டு இங்கே தங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது என்றும் எழுதிவைத்தார்.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு குறிப்பு. ஸ்ரீவிஜயத்தில் ஆண்டுக்கு இருமுறை, நண்பகலில் வெயிலில் நிற்கும் மனிதனுக்கு நிழலே விழுவதில்லை என்கிறார். இலக்கணம் படிக்கப் போனவர், ஒரு நாள் மடத்து முற்றத்தில் நின்று தன் காலடியைக் குனிந்து பார்த்திருக்கிறார். நல்ல மாணவர் என்று நான் அவரைச் சொல்வது அதற்காகத்தான்.

இதே ஸ்ரீவிஜயத்து அரசர்கள் நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார்கள். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. அதற்கும் முன்பு, 9-ஆம் நூற்றாண்டில், சுவர்ணத்தீவின், அதாவது சுமத்திராவின், அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எழுப்பினான். அவன் வேண்டிக்கொண்டபடி தேவபாலன் என்ற வங்காளத்துப் பேரரசன் ஐந்து ஊர்களை அதற்கு எழுதிவைத்தான். அந்த வருவாய் எதற்கு என்று அந்தக் கொடைச் செப்பேட்டில் கணக்கு இருக்கிறது: தங்கியிருக்கும் துறவிகளின் உணவு, உடை, படுக்கை, நோய் வந்தால் மருந்து, சுவடி படியெடுக்கும் செலவு, கட்டடம் பழுதானால் பராமரிப்பு. விடுதிக் காப்பாளர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பட்டியல் அவருக்குப் புதிதாக இருக்காது.

1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் போனதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். படிப்பதற்காக அதே கடலைக் கடந்தவர்களைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்வதே இல்லை. எனக்கு இந்தக் குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இனி என் கதை. இந்தோனேசிய அரசு 1974-இல் தர்மசிஸ்வா என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஆசியான் நாட்டு மாணவர்களுக்கு. 1976-இல் வேறு சில நாடுகளுக்கும். பிறகு தூதரக உறவுள்ள எல்லா நாடுகளுக்கும். பட்டம் எதுவும் கிடைக்காது. இந்தோனேசிய மொழியோ, இசையோ, நடனமோ, பாத்திக் துணிக்கலையோ படித்துவிட்டு ஊர் திரும்பலாம். பட்டம் இல்லாத படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப நம் வீடுகளில் யோசிப்பார்கள். என் வீட்டிலும் யோசித்தார்கள். கும்பகோணத்தில் வயலின் கற்றுக்கொண்டிருந்த நான், 2013-இல், ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவுக்குக் கமெலான் இசை படிக்கப் போனேன்.

யோக்யகர்த்தா படிப்புக்குப் பேர்போன ஊர். இந்தோனேசியக் குடியரசு டச்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த 1946 முதல் 1949 வரை நாட்டின் தலைநகரமே அதுதான். 1949-இல் கஜா மடா பல்கலைக்கழகம் தொடங்கியபோது கட்டடம் இல்லை. சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ தன் அரண்மனையின் முன் மண்டபங்களை வகுப்புகளுக்குத் திறந்துவிட்டார். அரசன் கொலுவிருக்கும் மண்டபத்தில் பெஞ்சு போட்டுப் பாடம் நடந்தது. அந்த ஊருக்கும் நம் நாட்டுக்கும் போக்குவரத்தும் உண்டு. கி ஹஜார் தேவந்தாரா 1922-இல் அங்கே தொடங்கிய தாமான் சிஸ்வா பள்ளிக்கு, 1927-இல் ஜாவா வந்த தாகூர் போனார். பிறகு ருஸ்லி என்ற இளைஞர் இந்தோனேசியாவிலிருந்து தாகூரின் சாந்திநிகேதன் வந்து ஓவியம் படித்தார்.

போய் இறங்கியவுடன் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஓட்டு வீடு, வாசலில் செருப்பு, முருங்கை மரம், குளியலறையில் தொட்டியும் மொள்ளக் குவளையும், கையால் சாப்பாடு. இரவில் ராமாயணம். 9-ஆம் நூற்றாண்டுப் பிரம்பானான் கோயிலுக்குப் பக்கத்தில் திறந்தவெளி அரங்கு போட்டு 1961 முதல் ராமாயண நாட்டியம் நடத்துகிறார்கள். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குளிர் நாட்டுக்குப் போன என் தோழிகள் முதல் மாதம் முழுக்கத் திகைத்துப்போனதாக எழுதினார்கள். எனக்கு அந்தத் திகைப்பே இல்லை. இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். பனி கொட்டும் ஊரில் எல்லாமே வேறாக இருப்பதால் கண் தானாகத் திறந்துகொள்கிறது. நம்மைப் போலவே இருக்கும் ஊரில் கண்ணை நாமாகத் திறக்க வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான் என்று இருந்துவிட்டால் ஒரு வருஷமும் அப்படியே போய்விடும்.

ஒன்றிரண்டு சொல்கிறேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஊர் அது. நாம் புதுநெல் பொங்கும் தை மாதத்தில் அங்கே மழை கொட்டுகிறது, வயலில் பயிர் பச்சையாக நிற்கிறது. பலாப்பிஞ்சு நம் சமையலில் காரத்தோடு வரும். அங்கே தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு மணிக்கணக்கில் வேகவைத்துக் குடெக் என்று இனிக்க இனிக்கச் சாப்பிடுகிறார்கள். டெங்குக் காய்ச்சல் இரண்டு ஊரிலும் உண்டு. நாம் நிலவேம்புக் கஷாயம் தேடும் இடத்தில் அவர்கள் கொய்யாப்பழச் சாறு தேடுகிறார்கள். பாரதம் இருக்கிறது, ஆனால் ஜாவாவின் தோல்பாவைக் கூத்தில் திரௌபதி தருமன் ஒருவனுக்கே மனைவி. நம் சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி என்ற பெண். வில்லேந்திய வீராங்கனை, அர்ஜுனனின் மனைவி. துணிச்சலான பெண்ணை ஸ்ரீகண்டி என்று இன்றும் செய்தித்தாளில் எழுதுகிறார்கள். நம் கதையை இவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிற தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்களுக்கு அது அவர்களுடைய கதைதான்.

கமெலான் வகுப்புக்கு வருகிறேன். வெண்கலக் கட்டைகளும், குடுவைகளும், தொங்கவிட்ட பெரிய கோங்குகளும் சேர்ந்த இசைக்குழு அது. பதினைந்து இருபது பேர் தரையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எந்தக் கருவியையும் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. சுற்றித்தான் போக வேண்டும். இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வகுப்பில் ஆசிரியர் என்னிடம் சாரோன் என்ற கருவியைக் காட்டி உட்காரச் சொன்னார். மரப்பெட்டிமேல் வரிசையாகக் கனத்த வெண்கலக் கட்டைகள். வலக்கையில் மரச்சுத்தியல். ஒரு கட்டையை அடித்தால் ஒலி நெடுநேரம் நிற்கும். அடுத்த கட்டையை அடிக்கும் அதே நொடியில், முதலில் அடித்த கட்டையை இடக்கை விரல்களால் பிடித்து அமர்த்த வேண்டும். முன்னால் பிடித்தால் இசை அறுந்துபோகும். பின்னால் பிடித்தால் இரண்டு ஒலியும் கலந்து குழம்பும். வலக்கை புதிதை எழுப்பும்போது இடக்கை பழையதை அமர்த்துகிறது; இரண்டு கையும் எப்போதும் ஒரு சுரம் விலகியே நிற்கின்றன. ஆசிரியர் விளக்கமாக எதுவும் பேசவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, கருவியை என் பக்கமிருந்து நான் பார்க்கும்படி தலைகீழாகவே வாசித்துக் காட்டினார். அவர் கை தவறவே இல்லை.

சுருதி விஷயம் இன்னும் வியப்பு. ஒரு கமெலானின் சுருதி இன்னொரு கமெலானோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் மட்டும் சேர்ந்திருக்கும். ஒன்றிலிருந்து ஒரு கட்டையை எடுத்து மற்றொன்றில் வைக்க முடியாது. ஐந்து சுர ஸ்லெந்த்ரோ, ஏழு சுர பெலோக் என்ற இரண்டு அமைப்புகளையும் நம் ராகங்களுக்குள் அடக்கிவிடப் பார்த்தது என் காது. அடங்கவில்லை. அந்த இடைவெளிகளை அவற்றின் பெயரிலேயே கேட்கப் பழக வேண்டியிருந்தது.

தாளத்தில்தான் நான் உண்மையான மாணவி ஆனேன். நமக்கு ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் கனம் விழுவது முதல் தட்டில். சமத்தில் சேர்வதற்காகத்தான் எல்லாக் கணக்கும். ஜாவாவில் நான்கு நான்காகச் சுரம் போகும், கனம் நான்காவதில். லத்ராங் என்ற அமைப்பில் 32 சுரம் போய், கடைசிச் சுரத்தோடு பெரிய கோங்கு ஒலிக்கும். அங்கே சுற்று முடிகிறது, நிறைகிறது. எனக்கோ அந்த ஒலியைக் கேட்டதும் ஏதோ தொடங்குவதாக உடம்பு எழுந்துகொள்ளும். எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், கனம் மட்டும் இடம் மாறியிருக்கும். சிறுவயதிலிருந்து தொடையில் தட்டிப் பழகிய உடம்பு அவ்வளவு சுலபத்தில் கேட்பதில்லை. மழைக்காலம் முழுக்கப் போன பிறகு ஒரு மாலை கோங்கு விழுந்தபோது, மூச்சு தானாக வெளியே போய் அமர்ந்தது. பக்கத்தில் போனாங் என்ற கருவியை வாசித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

வயலினை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சாதகம் பண்ணலாம். கோங்கை எடுத்துப்போக முடியாது. ஆள் சேர்ந்தால்தான் பயிற்சி. அதனால் எங்கள் தெருப் பெண்கள் சமுதாயக் கூடத்தில் வாரம் ஒருமுறை வாசிக்கும் குழுவில் சேர்ந்துகொண்டேன். சமையல் முடித்துவிட்டு வரும் பெண்கள், சிலர் மடியில் பேரக்குழந்தையோடு. இடைவேளையில் சர்க்கரை தூக்கலான தேநீரும் வாழையிலையில் சுற்றிய பலகாரமும். கல்லூரியில் கற்றதற்குச் சமமாக அந்தக் கூடத்தில் கற்றேன்.

அந்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவர் நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா. கோஸ் என்பார்கள் அங்கே. வீட்டின் ஒரு பகுதியில் அறைகள் கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது. எல்லோரும் அவரை ‘இபு’ என்றுதான் கூப்பிடுவோம், அம்மா என்று. அவரைவிட மிகவும் இளையவளான என்னை அவர் ‘ம்பாக்’ என்பார், அக்கா என்கிற மரியாதையோடு. அங்கே ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு பலகை இருக்கும்: விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெருவுக்கென்று ஒரு தலைவர் உண்டு, அவரிடம் பதிய வேண்டும். நான் போன மறுநாள் இபு ஒரு பொட்டலம் பலகாரத்தோடு என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். கடவுச்சீட்டு நகலைக் கொடுத்தது ஒரு நிமிஷம். மீதி நேரம் முழுக்க என் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், காரம் சாப்பிடுவேனா என்ற பேச்சுத்தான்.

அந்தப் பதிவின் பயன் அடுத்த பிப்ரவரியில் தெரிந்தது. 2014 பிப்ரவரி 13 இரவு கிழக்கு ஜாவாவில் கெலுட் எரிமலை வெடித்தது. யோக்யகர்த்தாவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடிந்து பார்த்தால் வெளிச்சமே சரியாக வரவில்லை. கூரை, மின்கம்பி, மாமர இலை, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முற்றத்தில் நடந்தால் செருப்புத் தடம் அப்படியே பதிந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். போரோபுதூர் பௌத்த நினைவுச்சின்னத்தின் தூபிகளுக்கு உறை போட்டார்கள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் ஐயாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் பறிகொடுத்த வட்டாரம் அது. யாரும் பதறி ஓடவில்லை. தெருத் தலைவர் ஒரு நோட்டோடு வீடு வீடாக வந்தார். இபுவின் வீட்டில் இத்தனை பேர், இந்த அறையில் இந்தியப் பெண், முகக்கவசம் இருக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக் கூடாது, சாக்கடையில் போய் இறுகிவிடும். லேசாகத் தெளித்துக் கூட்டி மூட்டையில் கட்ட வேண்டும் என்று இபு காட்டிக் கொடுத்தார். தெருவே கூட்டியது. நானும் கூட்டினேன்.

கடைசியாக ஒரு பண்டிகை. ஜூலை இறுதியில் நோன்புப் பெருநாள் வந்தது. ஜாவாவில் லெபாரான் என்பார்கள். நாடே சொந்த ஊருக்குப் புறப்பட்டுப் போகும். கோஸ் காலியானது. தினமும் சாப்பிடும் சிறு கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டிலேயே தனிமையான வாரம் அது. இபு எங்களிடம் வருகிறீர்களா என்று கேட்கவே இல்லை. என்னையும், அதே வீட்டில் இருந்த ஜப்பான், ஹங்கேரி மாணவிகளையும், எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று மட்டும் சொல்லி, குனுங்கிடுல் மலைப்பக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

முதல் நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து தென்னங்குருத்தில் கெதுபாட்டுக்குக் கூடு பின்னினோம். இரண்டு ஓலை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சிறு பெட்டியாகும். அதற்குள் அரிசி போட்டுக் கொதிக்கும் நீரில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். முழுக்க நிரப்பக் கூடாது, வெந்து பெருக இடம் விட வேண்டும். மறுநாள் தொழுகை முடிந்து வந்ததும் பெரியவர்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இளையவர் ஒவ்வொருவராக மண்டியிட்டு, அவர்கள் முழங்காலில் நெற்றியை வைத்து, ஆண்டு முழுவதும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். இபு தன் அண்ணன் முன் மண்டியிட்டார். இபுவின் பிள்ளைகள் இபுவின் முன். பிறகு நான். என் மதம் என்ன, இது எனக்குச் சேருமா என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. இபு என் தலையில் கை வைத்துக்கொண்டே, தானும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உன்னைப் பார்த்துக்கொண்டதில் ஏதாவது குறை வைத்திருந்தால் பொறுத்துக்கொள் என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இதை ஏன் இந்த அரங்கில் சொல்கிறேன் என்றால், இப்போது நாம்தான் அந்த வீட்டுக்காரர்கள். இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் 1950-இல் தொடங்கப்பட்டது. அதன் உதவித்தொகையிலும் சொந்தச் செலவிலும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மாணவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து படிக்கிறார்கள். தான்சானியாவிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வரும் பிள்ளைக்கு நம் வெயில் புதிதில்லை, வாழைப்பழம் புதிதில்லை. புதிதாக இருப்பது நம் முகம் காட்டும் விலகல். வாடகைக்கு வீடு கேட்டால், நிறத்தைப் பார்த்ததும் காலியில்லை என்று சொல்லிவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேருந்தில் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் தனி அதிகாரம் வைத்திருக்கும் நாம் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

கல்லூரி நிர்வாகத்திடம் சில வேண்டுகோள்கள். வெளியே அறை தேடும் மாணவருக்குக் கல்லூரியே பொறுப்பு எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுக்காரரின் தயக்கம் பாதி அதிலேயே போய்விடும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தால் தமிழ் தெரிந்த ஒருவர் உடன் போகட்டும். அவர்களைக் கலாச்சார விழாவில் வேட்டி சேலை கட்டி மேடையேற்றுவதோடு நிறுத்தாமல், நம் ஊர்க் குழுக்களில், பஜனையிலோ பறையிசையிலோ கைப்பந்திலோ, அவர்களுக்கும் இடம் கொடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதி உணவுக்கூடத்தை மூடாதீர்கள். ஊரில் ஒரு கடையும் திறக்காத நாளில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு அறைக்குள் இருக்கும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். வரும்போது அவர்களோடு பேசிவிட்டுத்தான் வந்தேன்.

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. விடுதிக் காப்பாளரிடம் கேட்டு வாசலில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் கூடுதலாக இரண்டு இலை போட முடிந்தவர்கள் பெயரையும் தெருவையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். சைவமா அசைவமா என்பதையும் எழுதுங்கள். மாணவர்களில் ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு, காரம் அறவே ஆகாதவர்களும் உண்டு. காலையிலேயே வந்து கூட்டிப்போனால் எண்ணெய்க் குளியலுக்கும் சேர்ந்துகொள்வார்கள்.